உக்காத ரெஜிபோமும் எமது கிணறுகளும்

வைகாசியில் சோளகம் எழும்பினால் வெக்கை கொஞ்சம் குறையும். தோட்டத்தில் நிற்பவருக்கு அந்தக் காற்று ஒரு ஆறுதல். ஆனால் நவாலியிலும் மானிப்பாயின் தென்புறக் குறிச்சிகளிலும் சில பின்னேரங்களில் யன்னல்களைச் சாத்திவிடுகிறார்கள். கல்லுண்டாய் வெளியில் குப்பைமேடு தீப்பற்றிய நாட்கள் அவை. கண் எரியும், தொண்டை கரகரக்கும், துவைத்துக் காயப்போட்ட துணியில் கரித்தூள் படியும். இரவில் இழுப்பு வருகிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வைத்தியசாலைக்கு ஓடுகிற தாய்மாருக்கு அந்த மணம் எங்கிருந்து வருகிறது என்று எவரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

கல்லுண்டாய் வெளி எமது பகுதியின் தென்மேற்கு ஓரத்தில், கடலேரியை அண்டிக் கிடக்கும் தாழ்ந்த உவர்நிலம். மாரியில் வெள்ளம் நிற்கும். கோடையில் வெடித்துக் காய்ந்து கிடக்கும். அளவெட்டி, கந்தரோடை, சண்டிலிப்பாய், நவாலி வழியாக மழைநீரைச் சுமந்துவரும் வழுக்கையாறு இந்தப் பக்கமாகத்தான் அராலியில் கடலைச் சேர்கிறது. இந்த வெளியில்தான் யாழ்ப்பாண நகரத்தின் குப்பை பல ஆண்டுகளாகக் கொட்டப்பட்டு வந்திருக்கிறது. காணியில்லாத குடும்பங்களுக்கு வீட்டுத்திட்டம் போட்டுக் குடியமர்த்தியதும் இதே வெளியில்தான். நகரத்துக்கு வேண்டாத பொருளும் போக்கிடம் இல்லாத மனிதரும் ஒரே நிலத்துக்கு அனுப்பப்பட்டிருக்கிறார்கள் என்று ஒருவர் கசப்போடு சொன்னால் அதை மறுப்பது கடினம்.

அந்தக் குப்பையில் பலதும் உண்டு. மரக்கறிக் கழிவும் வாழைத்தடலும் சில மாதங்களில் மண்ணாகிவிடும். போத்தலையும் தகரத்தையும் பழைய இரும்பு வாங்குபவர்கள் பொறுக்கி எடுத்துவிடுவார்கள். எவரும் எடுக்காமல், உக்காமல், காற்றடித்தால் வேலி தாண்டி வயலுக்கும் வாய்க்காலுக்கும் பறந்துபோகிற ஒரு பொருள் இருக்கிறது. அதுதான் ரெஜிபோம். தமிழ்நாட்டில் தெர்மாகோல் என்பார்கள். மானிப்பாயில் இருந்துகொண்டு மேலைத்தேய வைத்தியத்தைத் தமிழிலேயே படிப்பித்த வைத்தியர் சாமுவேல் கிறீன், இரசாயன நூலொன்று 'கெமிஸ்தம்' என்ற பெயரில் தமிழில் வெளிவரப் பாடுபட்டவர். அவர் இன்று இருந்தால் இதற்கும் ஒரு நல்ல தமிழ்ச் சொல் தேடித் தந்திருப்பார். நாம் கடைக்காரரின் சொல்லையே வைத்துக்கொள்வோம்.

காற்றை அடைத்த பொருள்

ரெலிவிசன் பெட்டிக்குள் வெள்ளையாக வருவது, மீன் வியாபாரிகள் ஐஸ் போட்டு வைக்கும் பெட்டி, ஒருகாலத்தில் கடைகளில் சோறு கட்டித் தந்த மூடிபோட்ட பெட்டி, பிறந்தநாள் வீட்டில் சுவரில் ஒட்டும் எழுத்து எல்லாம் ஒரே பொருள்தான். மண்ணெண்ணெய் வருகிற அதே கனிய எண்ணெயிலிருந்து பென்சீன், எதிலீன் என்ற இரண்டு பொருட்களைப் பிரித்தெடுத்து, அவற்றைச் சேர்த்து ஸ்ரைறீன் என்ற திரவத்தை ஆக்குகிறார்கள். அது இறுகினால் பொலிஸ்ரைறீன் என்ற பிளாஸ்ரிக். அதைச் சீனிபோன்ற சிறு மணிகளாக்கி, பென்ரேன் என்ற வாயுவை உள்ளே ஏற்றி, நீராவியில் சூடாக்கினால் பொரிபோல நாற்பது மடங்குவரை பொரிந்துவிடும். அந்த மணிகளை அச்சில் இட்டு ஒட்டவைத்தால் ரெஜிபோம். 1949 அளவில் ஜேர்மனியில் இம்முறை கண்டுபிடிக்கப்பட்டது.

இதன் கனவளவில் நூற்றுக்கு 98 பங்கு வெறும் காற்று. ஒரு கன மீற்றர் தண்ணீர் 1000 கிலோ நிறுக்கும். அதே அளவு ரெஜிபோம் 15 முதல் 30 கிலோதான். இந்தக் கணக்கை விவசாயி உடனே விளங்கிக்கொள்வார். மூன்று கன மீற்றர் கொள்ளும் உழவு இயந்திரப் பெட்டியில் விளிம்புவரை ரெஜிபோம் ஏற்றினாலும் 100 கிலோ தேறாது. டீசல் காசுக்கே கட்டாது. ஆகவேதான் போத்தல் வாங்குபவரும் பேப்பர் வாங்குபவரும் படலைக்கு வருகிறார்கள். ரெஜிபோம் வாங்க எவரும் வருவதில்லை. உருக்கித் திரும்பப் பாவிக்க முடியாத பொருளல்ல இது. அழுக்கில்லாமல் சேர்த்து, அமுக்கிச் சிறிதாக்கினால் முடியும். மீன்வாடையும் குழம்பும் பட்ட பெட்டியை யார் கழுவிச் சேர்ப்பார்?

ஆக்கும் இடத்திலேயே தொடங்கும் கேடு

குப்பையான பிறகுதான் இதனால் தீங்கு என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. பென்சீன் இரத்தப் புற்றுநோயை உண்டாக்கும் என்பது நிறுவப்பட்ட விடயம். ஸ்ரைறீனையும் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவர் நிலையம் 2018இல் மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கக்கூடியதாகப் பெரிதும் கருதத்தக்க பொருட்களின் வரிசைக்கு உயர்த்தியது. தொழிற்சாலையில் நாள்முழுதும் அதைச் சுவாசிப்பவர்களுக்கே ஆபத்து அதிகம்.

2020 மே 7ஆம் திகதி விடியப்புறம், வங்காள விரிகுடாவின் மறுகரையில், ஆந்திராவின் விசாகப்பட்டினத்தில் நடந்ததைச் சொன்னால் விளங்கும். எல்ஜி பொலிமேர்ஸ் என்ற பொலிஸ்ரைறீன் தொழிற்சாலை கொரோனா முடக்கத்தால் வாரக்கணக்காகப் பூட்டிக் கிடந்தது. அங்கே பெருந்தாங்கியில் ஸ்ரைறீன் திரவம் இருந்தது. அதைக் குளிராக வைத்திருக்க வேண்டும். தானாக இறுகாமல் தடுக்கும் மருந்தும் கலந்திருக்க வேண்டும். இரண்டும் ஒழுங்காக நடக்கவில்லை. திரவம் உள்ளுக்குள் தானே சூடேறி ஆவியாகி வெளியே வந்தது. வெங்கடாபுரம் கிராமத்து மக்கள் நித்திரையில் இருந்தார்கள். எழும்பி ஓடியவர்கள் வீதியில் விழுந்தார்கள். 12 பேர் இறந்தனர்; நூற்றுக்கணக்கானோர் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். கட்டையில் நின்ற மாடுகள் நின்ற இடத்திலேயே செத்தன. தொழிற்சாலை 1960களில் வந்தபோது அது ஊருக்குப் புறம்பாக இருந்தது. பின்னர் அதைச் சுற்றி வீடுகள் வந்தன. காணி விலை குறைந்த இடத்தில்தான் ஏழை வீடு கட்டுகிறான். கல்லுண்டாயை அறிந்தவர்களுக்கு இதில் புதுமை இல்லை.

இன்னொரு கேடு வானத்தில் நடந்தது. இதே பொலிஸ்ரைறீனை வேறு முறையில் ஊதித் தட்டுகளும் உணவுப் பெட்டிகளும் ஆக்குவதற்கு முன்னர் சிஎப்சி என்ற வாயுவைப் பயன்படுத்தினார்கள். சூரியனின் கொடிய கதிரைத் தடுக்கும் ஓசோன் படையை அது தின்றது. 1987இல் மொன்றியல் உடன்படிக்கை வந்தபிறகு அந்த வாயு படிப்படியாகக் கைவிடப்பட்டது. அமெரிக்காவில் மக்டொனால்ட்ஸ் உணவகம், பொதுமக்களின் எதிர்ப்பால், 1990இல் ரெஜிபோம் பெட்டியை விட்டுக் கடதாசிக்கு மாறியது. பெரிய கொம்பனி தன் விருப்பத்தால் மாறவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகளும் அதில் குரல் கொடுத்தார்கள்.

எரித்தாலும் கேடு, விட்டாலும் கேடு

மானிப்பாய்ப் பக்கத்தில் ஒரு வளவில், 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து எழும்பி வந்து இன்னும் வாடகைக் காணியில் இருக்கும் ஒரு குடும்பத்தைக் காணப் போயிருந்தோம். மழைநாள். வீட்டு அம்மா அடுப்புமூட்ட ரெஜிபோம் துண்டொன்றை முறித்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, அதை அடுப்புக்குள்ளை வைக்காதையுங்கோ."

"ஏன் தம்பி? விறகெல்லாம் நனைஞ்சு போச்சு. இதிலை ஒரு துண்டு வைச்சால் உடனை பத்துது. மண்ணெண்ணெய் விக்கிற விலைக்கு வேறை என்ன செய்யச் சொல்லுறியள்?"

நியாயமான கேள்விதான். ஆனால் அந்தக் கரும்புகையில் இருப்பது ஸ்ரைறீன், காபனோரொட்சைட்டு, நுரையீரலின் அடிவரை போகக்கூடிய கரித்தூள், புற்றுநோயை உண்டாக்கும் வேறு சேர்மங்கள். குசினிக்குள் குனிந்து ஊதுகிறவரும், அவர் சீலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிற குழந்தையும்தான் அதை முதலில் சுவாசிக்கிறார்கள். வயர், குழாய், ரெக்சின் போன்ற பிவிசிப் பொருட்களோடு சேர்த்து எரித்தால் டயொக்சின் என்ற கொடிய நஞ்சும் சேரும். அது சாம்பலோடு புல்லில் படிந்து, மாட்டின் பாலில் வரும். தோட்டக் கரையில் குப்பை கொளுத்தும் பழக்கத்தை இதற்காகவே நிறுத்தவேண்டும். வீடு கட்டப் பாவிக்கும் ரெஜிபோம் பலகையில் தீப்பிடியாமல் இருக்க எச்பிசிடி என்ற மருந்தைச் சேர்த்து வந்தார்கள். அதை 2013இல் ஸ்ரொக்ஹோம் உடன்படிக்கையின்கீழ் உலகளவில் விலக்கவேண்டிய நஞ்சுகளின் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். எந்தத் துண்டில் அது இருக்கிறது என்று கண்ணால் கண்டுபிடிக்க முடியாது.

எரிக்காமல் விட்டால்? வெயில் பட்டதும் ரெஜிபோம் மஞ்சளித்துப் பொரிந்து, தொட்டால் மணியாக உதிரும். உதிர்வதை உக்குவது என்று எண்ணிவிடக் கூடாது. மணி சிறுமணியாகும், சிறுமணி தூளாகும், தூள் கண்ணுக்குத் தெரியாமல் போகும், ஆனால் மண்ணாகாது. மாரி வெள்ளம் அதை வாய்க்காலுக்கும் வழுக்கையாற்றுக்கும் கொண்டுபோகும். கடலேரியில் அது மிதக்கும்போது மீன்சினைபோலத் தெரிவதால் மீனும் பறவையும் கடலாமையும் விழுங்குகின்றன. வயிறு நிறைந்தது போலிருக்கும், உணவு இல்லை. குழம்பு பட்ட பெட்டியை வீதியோரத்தில் மாடும் ஆடும் தின்பதை நாம் நாளும் காண்கிறோம். பொலித்தீன் பையும் இதுவும் இரைப்பையில் சேர்ந்து கட்டியானால் மாடு அசைபோடாமல் மெலிந்து விழும். பால்மாடு ஒன்றை நம்பி இருக்கும் வீட்டில் அது சிறிய இழப்பல்ல.

எமது குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. சுண்ணக்கல்லின் பொந்துகளுக்குள், உப்புநீரின்மேல் மிதக்கும் நன்னீர்தான் எமது கிணறுகளுக்கு ஆதாரம். நிலத்தில் ஊற்றியது எதுவும் அந்தக் கல்லினூடாக விரைவில் கீழே போய்விடும். சுன்னாகத்தில் இதைக் கண்ணால் கண்டோம். மின்நிலையத்தின் எண்ணெய் சுற்றுவட்டாரக் கிணறுகளில் மிதந்தது. 2019 ஏப்ரலில் கொழும்பு உயர் நீதிமன்றம் மின் உற்பத்தி நிறுவனம் 2 கோடி ரூபா நட்டஈடு கட்டவேண்டும் எனத் தீர்ப்பளித்தது. எண்ணெய் மணத்தால் தன்னைக் காட்டிக்கொடுத்தது. குப்பைமேட்டிலிருந்து கசியும் நீருக்கும் பிளாஸ்ரிக் தூளுக்கும் அப்படி ஒரு மணம் இல்லை.

புழுவொன்று ரெஜிபோமைத் தின்னும் என்ற செய்தியைச் சிலர் கேட்டிருப்பீர்கள். உண்மைதான். மாவில் வரும் ஒருவகைப் புழு அதைத் தின்று ஓரளவு சமிக்கச் செய்கிறது என்று 2015இல் அமெரிக்க, சீன விஞ்ஞானிகள் கண்டறிந்தார்கள். நூறு புழுக்கள் ஒரு நாளைக்குத் தின்றது 35 மில்லிகிராம் அளவு. பத்துக் கிராம் நிறையுள்ள ஒரு சோற்றுப் பெட்டியை முடிக்க அந்த நூறு புழுக்களுக்கும் ஒன்பது மாதத்துக்கு மேல் வேண்டும். அதுவரை மாவையும் காப்பாற்ற வேண்டும்.

சட்டம் வந்தது

2017 ஏப்ரல் 14, சித்திரைப் புத்தாண்டு நாள். கொழும்புக்கு அருகே மீதொட்டமுல்லைக் குப்பைமலை சரிந்து அடிவாரத்து வீடுகளை மூடியது. முப்பதுக்கு மேற்பட்டோர் புதையுண்டு இறந்தார்கள். அங்கேயும் அடிவாரத்தில் இருந்தவர்கள் வசதியற்றவர்கள்தான். அந்தத் துயரத்தின் பின்னரே அரசு விழித்தது. 2017 செப்ரெம்பர் 1ஆம் திகதி வர்த்தமானி மூலம் ரெஜிபோம் உணவுப் பெட்டி, தட்டு, கோப்பை, கரண்டி ஆகியவற்றை ஆக்குவதும் விற்பதும் பாவிப்பதும் தடைசெய்யப்பட்டன. லஞ்ச் சீற்றும் 20 மைக்ரோனுக்குக் குறைந்த பொலித்தீனும் அதோடு சேர்ந்தன. பிளாஸ்ரிக்கை வெளியில் எரிப்பதும் அன்றிலிருந்து குற்றம்.

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தெர்மாகோல் தட்டும் கோப்பையும் தடையாயின. 2022 ஜூலை 1 முதல் இந்தியா முழுவதும் அலங்காரத்துக்குத் தெர்மாகோல் பாவிப்பதும் தடை. இதே தமிழ்நாட்டில், மீதொட்டமுல்லை சரிந்த ஒரு கிழமைக்குள், வைகை அணையின் நீர் ஆவியாகாமல் தடுக்கவென்று அமைச்சர் ஒருவர் தெர்மாகோல் அட்டைகளை ஒட்டி நீரில் மிதக்கவிட்டார். காற்றடித்தது, அவர் கரையில் நிற்கும்போதே அட்டைகளும் கரைக்கு வந்துவிட்டன. ஊர் சிரித்தது. குளத்துக் காற்றை அறிந்த ஒரு கமக்காரனைக் கேட்டிருந்தால் அந்தச் செலவு மிஞ்சியிருக்கும்.

எமது தடைச்சட்டத்தால் நன்மை இல்லையென்று சொல்லமாட்டோம். கடைகளில் வெள்ளைச் சோற்றுப் பெட்டி அருகிவிட்டது. ஆனால் பொருட்களைப் பொதிசெய்து வருகிற ரெஜிபோமுக்கும் மீன்பெட்டிக்கும் தடையில்லை. அலங்காரத்துக்கும் இங்கே தாராளம். இதில் திருச்சபையார் நாமும் குற்றவாளிகள். பனியே காணாத மானிப்பாயில், மார்கழியில் பாலன் குடில் கட்டும்போது ரெஜிபோமை உதிர்த்துப் பனியென்று தூவுகிறோம். தை பிறக்க முன்னர் அந்தப் பனி ஆலய வளவு முழுவதும் பறந்து, மழைநீரோடு வாய்க்காலுக்குப் போய்விடும். பெத்லகேம் தொழுவத்தில் இருந்தது வைக்கோல். அது எமது வயலிலும் உண்டு.

கையில் உள்ளவை

பொருளாதாரத் தடைக்காலத்தை அனுபவித்தவர்களுக்கு இதைச் சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்பதுபோல. 1990களில் பொலித்தீனும் அருமை, பற்றரியும் அருமை. அப்போது இறைச்சி பனையோலையில் வந்தது, மீன் பறியில் வந்தது, மரக்கறி கடகத்தில் வந்தது. தட்டுவத்தில் புட்டும் பிளாவில் கூழும் குடித்தவர்கள் நாம். 2002இல் ஏ9 பாதை திறந்ததும் லொறி லொறியாகப் பொருட்கள் வந்தன. பொதிசெய்த குப்பையும் கூடவே வந்தது. பழைய வறுமைக்குத் திரும்பச் சொல்லவில்லை. அந்தக் கைவேலை இன்னும் சில கிழவிமாரின் விரலில் இருக்கிறது என்றுதான் சொல்கிறோம். அவர்களிடம் பிள்ளைகள் இழைக்கப் பழகினால் அது வருமானமும் ஆகும்.

வாழைத்தோட்டம் செய்பவர்கள் குலையை மட்டும் விற்கிறார்கள். இலையைக் குலைக்குப் பாதகமில்லாமல் அளவோடு வெட்டி, நறுக்கி, துடைத்து, அடுக்கிக் கொடுத்தால் சாப்பாட்டுக் கடைகள் வாங்கும். தணலில் வாட்டிய இலை கிழியாது. பார்சல் கட்ட உகந்தது. இடம்பெயர்ந்தவர் தங்கியிருக்கும் பாடசாலைக்கு வெள்ளகாலத்தில் சமைத்த உணவு கொடுக்கும் சபைகளும் சங்கங்களும் இதைக் கவனிக்கவேண்டும். பொட்டலம் கட்டுவதைவிட அண்டாவில் கொண்டுபோய் அவரவர் தட்டில் பரிமாறினால் குப்பையும் இல்லை, வாங்குபவருக்கு மரியாதையும் உண்டு. சுடுகறியும் எண்ணெய்ச் சாப்பாடும் ரெஜிபோமில் வைத்தால் ஸ்ரைறீன் உணவில் இறங்கும் என்பதும் நினைவிருக்கட்டும்.

விடுவிக்கப்பட்ட காணிக்குத் திரும்புகிறவர்கள் கிணற்றைத் துப்பரவாக்கும்போது இப்படியான குப்பையும் மேலே வரலாம். அதை வரம்பில் போட்டுக் கொளுத்தவேண்டாம். கொத்தி மண்ணோடு கலக்கவும் வேண்டாம். சாடிமண்ணைப் பாரமில்லாமல் ஆக்க ரெஜிபோம் மணி கலக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. அதற்குத் தும்புத்தூள் இருக்கிறது. நல்ல நிலையில் உள்ள மீன்பெட்டியை அடியில் துளையிட்டு மிளகாய், தக்காளி நாற்றுமேடையாகப் பாவிக்கலாம், நிழலில் வைத்தால் மட்டும். வெயிலில் வைத்தால் ஒரு போகத்தில் உதிரத் தொடங்கும். பெற்றோலில் ரெஜிபோமைக் கரைத்து ஓட்டை அடைக்கும் பசை செய்கிறார்கள். அதன் ஆவியும் தீப்பிடிக்கும் ஆபத்தும் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு ஆகாது.

மிஞ்சுவதை என்ன செய்வது என்ற கேள்விக்கு வீட்டுக்காரரிடம் விடை இல்லை. சேர்த்து வைக்கலாம், எடுப்பதற்கு ஆள் வேண்டும். அமுக்கும் இயந்திரம் ஒன்றைப் பிரதேச சபைகள் சேர்ந்து ஓரிடத்தில் வைத்தால், உழவு இயந்திரப் பெட்டி நிறையும் ரெஜிபோம் சில உரப்பைக்குள் அடங்கிவிடும். பிறகு ஏற்றி அனுப்புவது கட்டுப்படியாகும். மாதர் சங்கம், கமக்காரர் அமைப்பு, கிராம அபிவிருத்திச் சங்கம் மூன்றும் எழுத்தில் கேட்டால் சபைக் கூட்டத்தில் அது பேசப்பட்டே ஆகவேண்டும். கல்லுண்டாய்க் குடும்பங்களின் கையொப்பம் அந்தக் கடிதத்தில் முதலில் இருக்கவேண்டும் என்பது எமது எண்ணம்.

முன்னர் சொன்ன அந்த அம்மாவின் வளவுக்கு இரண்டு மாதம் கழித்துப் போனோம். அடுப்புமூட்ட இப்போது பன்னாடையும் கொக்கறையும் காயவைத்து வைத்திருக்கிறார். ரெஜிபோமை யூரியாப் பைகளில் அடைந்து பத்தியில் அடுக்கியிருந்தார். மூன்று பை.

"நீங்கள் சொன்னபடி எரிக்கேல்லை தம்பி. இனி இதை ஆரிட்டைக் குடுக்கிறது?"

பைகள் இன்னும் அங்கேதான் இருக்கின்றன.